வண்டி இருக்கா? இருக்கு

2025 ஏப்ரலில் உலக வங்கி ஒரு கணக்கு வெளியிட்டது. இந்தியாவில் கடும் வறுமையில் இருப்பவர்கள் 2.3 சதவீதம் பேர்தான் என்று. ஜூன் மாதம் அதே வங்கி, அதே 2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பை வைத்துக்கொண்டே, இல்லை 5.3 சதவீதம் என்றது. ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவில் யார் வீட்டிலும் ஒன்றும் நடந்துவிடவில்லை. நான் வேலை பார்க்கும் கிருஷ்ணகிரி பக்கம் அது மாங்காய் சீசன், லாரி லாரியாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள், ஏழையும் அப்படியே இருந்தான், பணக்காரனும் அப்படியே இருந்தான். வறுமைக் கோட்டை 2.15 டாலரில் இருந்து 3 டாலருக்கு ஏற்றினார்கள், அவ்வளவுதான்.

இந்த டாலர் பேங்கில் மாற்றுகிற டாலர் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூணு டாலர் என்றால் 250 ரூபாய், அதுக்குக் கீழே ஒரு நாளைக்கு 5 சதவீதம் பேர்தான் செலவு செய்யறாங்களா என்று ஓசூரில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் சண்டைக்கு வந்தார். அது வாங்கும் திறன் கணக்கு. அமெரிக்காவில் ஒரு டாலருக்கு வாங்குகிற பொருளை இங்கே எத்தனை ரூபாய்க்கு வாங்கலாம் என்று பார்ப்பது, அது 20 ரூபாய் சுமாருக்கு வரும். ஆக 3 டாலர் என்பது 2021 விலைவாசியில் தலைக்கு ஒரு நாளைக்கு 60 ரூபாய் பக்கம். இந்த 3 எங்கிருந்து வந்தது என்றால், உலகத்திலேயே மிக ஏழ்மையான நாடுகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கோடுகளை வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுக்கிறார்கள். 1990ல் இது 1 டாலராக ஆரம்பித்தது. அப்புறம் 1.08, 1.25, 1.90, 2.15, இப்போது 3.

கேட்டுவிட்டு அவர், "அப்போ எல்லாமே ஏமாத்து வேலைதானே" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏமாற்று வேலையாக இருந்தால் எனக்கு இத்தனை உறுத்தல் இருக்காது. 2012ல் எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் ஏழை யார் என்று டிக் அடித்தவர்களில் நானும் ஒருவன்.

சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பு 2011 என்று பெயர். பெயரில் 2011 இருந்தாலும் எங்கள் பக்கம் அது நடந்தது அடுத்த வருஷம். கணக்கெடுப்பாளராக ஒரு ஆசிரியர் வருவார், கூடவே கையில் ஒரு டேப்லெட்டோடு பதிவு செய்கிற பையன். அந்தப் பையன் நான். டிப்ளமோ முடித்துவிட்டு சும்மா இருந்த நேரம். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி தயாரித்த அந்தக் கருவியை எல்லோரும் "பொட்டி" என்றுதான் சொன்னோம். சார் கேள்வி கேட்பார், வீட்டுக்காரர் பதில் சொல்வார், நான் தட்டுவேன். எத்தனை அறை, சுவர் எது, கூரை எது, பிரிட்ஜ் இருக்கா, போன் இருக்கா, வண்டி இருக்கா, வீட்டில் அதிகம் சம்பாதிப்பவர் மாசம் 5,000க்குள்ளா, 5,000த்தில் இருந்து 10,000த்துக்குள்ளா, அதுக்கும் மேலயா. ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம், வெயில் ஏறினால் கால் மணி நேரம்.

ஒரு வீடு மட்டும் அப்படியே நினைவில் நிற்கிறது. மண் சுவர், ஓலைக் கூரை, ஒரே அறை. வாசலில் புளிய மரத்தடியில் ஒரு அக்கா உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மண்டிக்காரர் மூட்டையை இறக்கிவிட்டுப் போவார், கருங்கல் மேல் பழத்தை வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கொட்டையைப் பிரித்துத் தர வேண்டும், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்திருக்கும், புளிப்பு ஏறி எரியும். வீட்டுக்காரர் செத்துப்போய் நாலு வருஷம். பையன் பெங்களூரில் கட்டட வேலை. அந்தப் புளிய மரத்தில்தான் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் சாய்த்து நிறுத்தியிருந்தது. சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் குடம் மாட்ட இரும்புக் கொக்கி, சைக்கிள் டியூபை வெட்டி முறுக்கின கயிறு. ஊர் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது என்று மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு கிணற்றில் இருந்து நாலு குடம் தண்ணீர் கொண்டுவரத்தான் அந்த வண்டி. பையன் லீவுக்கு வரும்போது ஓட்டுவான், மற்ற நாளில் பக்கத்து வீட்டுப் பையன் ஓட்டுவான், அவனுக்கும் ஒரு குடம்.

"வண்டி இருக்காம்மா?" என்றார் சார்.

"இருக்குதுங்க சார். தவணை கட்டிட்டு இருக்கேன்."

சார் என்னைப் பார்த்தார், நான் "இருக்கு" என்று தட்டினேன். தவணைக்குப் பெட்டியில் இடம் இல்லை.

அந்த டிக்கின் அர்த்தம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. பிறகுதான் படித்தேன். அந்தக் கணக்கெடுப்பில் 14 விஷயங்களில் ஒன்று இருந்தாலும் அந்தக் குடும்பம் தானாகவே ஏழைகள் பட்டியலை விட்டு வெளியே போய்விடும். மோட்டார் வைத்த இரண்டு சக்கர வண்டி, பிரிட்ஜ், லேண்ட்லைன் போன், 10,000க்கு மேல் சம்பாதிக்கும் ஒருவர், இப்படி. இதற்கு முந்தைய 2002 கணக்கெடுப்போ இன்னும் வேடிக்கை. 13 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 மதிப்பெண், மொத்தம் 52. அதில் ஒரு கேள்வி தலைக்கு எத்தனை உடுப்பு இருக்கிறது என்பது. கொடியில் காயும் துணியை எண்ணி ஏழையைக் கண்டுபிடிக்க யாருக்குத் தோன்றியதோ!

ஆனால் அந்த முறையைப் போட்டவர்களும் முட்டாள்கள் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். வருமானத்தைக் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். பொய் சொல்வதால் மட்டும் இல்லை, நிஜமாகவே தெரியாது. மானாவாரியில் சாமையும் துவரையும் போட்டு, இரண்டு ஆடு வளர்த்து, நடுவில் மூன்று மாதம் கேரளாவுக்குக் கூலிக்குப் போய்வருகிற ஒருவருக்கு "மாத வருமானம்" என்று ஒன்று இருக்கிறதா என்ன? அதனால்தான் நம் நாட்டில் வருமானத்தை விட்டுவிட்டுச் செலவைப் பார்க்கிறார்கள், அல்லது கண்ணால் பார்க்க முடிகிற பொருளைப் பார்க்கிறார்கள்.

செலவுக் கணக்குக்கும் நீண்ட வரலாறு இருக்கிறது. தாதாபாய் நௌரோஜி 1867-68 விலைவாசியை வைத்து, கப்பலில் ஏற்றிப்போகும் கூலிகளுக்கு அரசாங்கமே விதித்திருந்த சாப்பாட்டு அளவை எடுத்துக் கணக்குப் போட்டார். ஒரு ஆள் உயிரோடு இருக்க வருஷத்துக்கு 16 ரூபாயில் இருந்து 35 ரூபாய் வரை வந்தது. சிறைக் கைதிக்கு ஆகிற செலவோடு ஒப்பிட்டு, வெளியில் இருக்கும் சாதாரண இந்தியனுக்கு அது கூடக் கிடைக்கவில்லை என்று வெள்ளைக்காரன் முகத்தில் அடித்த மாதிரி காட்டினார். என்னைக் கேட்டால் வறுமைக் கணக்கில் இதுவரை போட்டதிலேயே கூர்மையான கணக்கு அதுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1962ல் திட்டக் குழுவின் ஒரு பணிக்குழு, தலைக்கு மாதம் 20 ரூபாய் என்றது. அதில் மருத்துவமும் படிப்பும் சேராது, அவற்றை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். 1979ல் கலோரி வந்தது, கிராமத்துக்கு 2,400, நகரத்துக்கு 2,100. ஏர் ஓட்டுகிறவனுக்குப் பசி அதிகம் என்ற கணக்கு. அந்தக் கலோரி சாப்பிடுகிற குடும்பம் மொத்தமாக என்ன செலவு செய்கிறது என்று பார்த்து, 1973-74 விலையில் கிராமத்துக்கு மாதம் 49 ரூபாய் 9 பைசா என்று கோடு போட்டார்கள். கேழ்வரகுக் களியில் ஒரு உருண்டை கூட வைத்துக்கொண்டால் கலோரி வந்துவிடும், கோட்டைத் தாண்டிவிடலாம்!

அப்புறம் 2009ல் பொருளாதார அறிஞர் சுரேஷ் டெண்டுல்கர் தலைமையில் வந்த குழு கலோரியைக் கைவிட்டுவிட்டு, படிப்பு, மருத்துவச் செலவையும் சேர்த்தது. 2011 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் திட்டக் குழு நகரத்துக்கு நாளொன்றுக்கு 32 ரூபாய், கிராமத்துக்கு 26 ரூபாய் என்று சொன்னதும் நாடே சிரித்ததே, அது இந்தக் குழுவின் கோடுதான். எல்லா டீக்கடையிலும் அதுதான் பேச்சு. பிறகு ரிசர்வ் வங்கியின் முன்னாள் கவர்னர் ரங்கராஜன் தலைமையில் வந்த குழு 2014ல் அதைக் கிராமத்துக்கு 32, நகரத்துக்கு 47 ஆக்கியது. 2011-12ல் ஏழைகள் எத்தனை பேர் என்றால் முதல் கோட்டின்படி 26.9 கோடி, இரண்டாவது கோட்டின்படி 36.3 கோடி. வித்தியாசம் 9.4 கோடி. 2011ல் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7.2 கோடிதான்.

கோட்டைப் பற்றி இவ்வளவு சண்டை போடுகிறோம், ஆனால் கோட்டுக்குக் கீழே வைக்கிற செலவு எப்படி வருகிறது என்பதை யாரும் பேசுவதில்லை. போன 30 நாளில் என்ன வாங்கினீர்கள் என்று கேட்டால் ஒரு பதில், போன 7 நாளில் என்று கேட்டால் வேறு பதில். 1999-2000ல் இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் கேட்டு, ஒரு பதில் மற்றதை இழுத்து, வறுமை நிஜமாகக் குறைந்ததா இல்லையா என்று பொருளாதார அறிஞர்கள் பல வருஷம் அடித்துக்கொண்டார்கள். 2017-18ல் எடுத்த கணக்கை அரசு வெளியிடவே இல்லை. என் அம்மாவிடம் ஒரு தடவை விளையாட்டாக, மாசம் எண்ணெய் எவ்வளவும்மா ஆகுது என்று கேட்டுப் பார்த்தேன். "இருக்கிற வரைக்கும் ஊத்துவேன், இல்லைன்னா ஊத்த மாட்டேன், இதுல என்னடா கணக்கு" என்றார்.

இனி எங்கள் வீட்டுக் கதை. 2014ல் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன். அப்போது முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 72,000க்குள் இருக்க வேண்டும், அதற்கான சான்றிதழ் வாங்கி அட்டை எடுத்து வைக்க எங்களுக்கு அதுவரை தோன்றவே இல்லை, நம்ம வீட்டில் யாருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்கிற நினைப்புதான். மொத்தம் 2,40,000 ரூபாய் ஆனது. இரண்டு பசு மாடு போனது, அம்மாவின் செயின் அடகுக்குப் போனது, ஒரு ஏக்கர் கொல்லை ஒத்திக்குப் போனது, மீதிக்கு மூணு வட்டிக்குக் கடன். வீட்டில் நாங்கள் ஐந்து பேர். சாதாரணமாக எங்களுக்குத் தலைக்கு மாதம் 1,500 ரூபாய் ஆகும், 2011-12 கணக்கெடுப்பில் இந்தியக் கிராமங்களின் சராசரி 1,430, ஆக நாங்கள் ரொம்பச் சராசரியான வீடு. ஆபரேஷன் செலவை ஐந்து பேருக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் பங்கு போட்டால் தலைக்கு மாதம் 4,000. மருத்துவமனைச் செலவும் குடும்பச் செலவில்தான் சேரும். அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு யாராவது கணக்கெடுக்க வந்திருந்தால், நாங்கள் தலைக்கு 5,500 ரூபாய் செலவு செய்கிற குடும்பம். கிராமத்துச் சராசரிக்குக் கிட்டத்தட்ட நாலு மடங்கு. கணக்குப்படி எங்கள் வீடு பணக்கார வீடாக இருந்த ஒரே வருஷம் அதுதான். அந்த வருஷம்தான் களிக்கு மொச்சைக் குழம்பு நின்றுபோய் பச்சை மிளகாயும் உப்பும் வந்தது, தங்கை காலேஜ் சேர்வது ஒரு வருஷம் தள்ளிப்போனது.

மருத்துவச் செலவைக் கழித்துவிட்டு வறுமையைக் கணக்கிடுகிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள், தெரியும். ஆனால் செய்தியில் வருகிற எண் அதுவாக இருப்பதில்லை.

சரி, பணத்தை விடுங்கள், நேராக வாழ்க்கையையே அளப்போம் என்று ஒரு வழி இருக்கிறது. 2010ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்து ஆய்வு மையமும் ஐநா வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து கொண்டுவந்த பல பரிமாண வறுமைக் குறியீடு. திட்டக் குழுவுக்குப் பதிலாக வந்த நிதி ஆயோக் அதையே 12 கேள்விகளாக்கி நம் ஊருக்குப் போடுகிறது: ஊட்டச்சத்து, குழந்தை இறப்பு, பிரசவ கவனிப்பு, படிப்பு, சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிதண்ணீர், கரண்ட், வீடு, பொருட்கள், பேங்க் கணக்கு என்று. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறை இருந்தால் ஏழை. இதன்படி இந்தியா 2015-16ல் 24.85 சதவீதத்தில் இருந்து 2019-21ல் 14.96க்கு வந்தது, தமிழ்நாடு 2.20. எனக்கு இந்த முறை பிடிக்கும். சமையல் அடுப்பையும் கழிப்பறையையும் எண்ணுகிறவர்களுக்கு வீடு என்றால் என்னவென்று கொஞ்சம் தெரிந்திருக்கிறது.

ஆனால் தண்ணீர்க் கேள்வியில் வந்து இடிக்கிறது. குழாய், கைபம்பு, ஆழ்துளைக் கிணறு இதெல்லாம் நல்ல தண்ணீர் என்று கணக்கு. போய்வர அரை மணி நேரத்துக்குள் இருந்தால் குறை இல்லை. தர்மபுரிக்காரர்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். எங்கள் ஊரில் கைபம்பு தெருமுனையில்தான் இருந்தது, அதில் வந்த தண்ணீரில்தான் ஃபுளோரைடும் இருந்தது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் பல் கறுக்கும், நாளாக ஆக எலும்பு வளையும். போர் ஆழம் போகப் போக இது கூடிக்கொண்டே வந்தது. என் பல்லைப் பார்த்தாலே தெரியும், காவிக் கோடு கோடாக இருக்கும். ஓசூரில் முதல் வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோது, "பாக்கு போடுற பழக்கம் உண்டா தம்பி?" என்று கேட்டார்கள். இல்லை சார், தண்ணி என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 2013ல் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளின் பல் வெள்ளையாக இருப்பதைப் பார்க்கும்போது நிஜமாகவே சந்தோஷம். ஆனால் கணக்குத் தாளில் நான் 2013க்கு முன்னாலும் தண்ணீர்க் குறை இல்லாதவன்தான். கைபம்பு பக்கத்தில் இருந்ததே!

இன்னொன்று, கோடு ஒன்றே ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அதுவும் இல்லை. ரேஷன் அரிசிக்கு நம் மாநிலத்தில் கோடே கிடையாது, 1997ல் மத்திய அரசு ஏழைக்கு ஒரு விலை மற்றவர்களுக்கு ஒரு விலை என்று பிரித்தபோது தமிழ்நாடு ஒத்துக்கொள்ளாமல் எல்லோருக்கும் என்றே வைத்துக்கொண்டது, புத்திசாலித்தனம். மற்றதுக்கெல்லாம் கோடு உண்டு. காப்பீட்டுக்கு இப்போது வருஷம் 1,20,000. நாலு பேர் வீட்டுக்குத் தலைக்கு நாளொன்றுக்கு 82 ரூபாய். மகளிர் உரிமைத் தொகைக்கு 2,50,000, அதாவது 171 ரூபாய், கூடவே வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் கரண்ட். மத்திய அரசின் பொருளாதாரத்தில் நலிந்தோர் ஒதுக்கீட்டுக்கு 8 லட்சம், அது 548 ரூபாய். ஒரே தெருவில் ஒரே ஆள் காலையில் ஏழை, மத்தியானம் ஏழை இல்லை, சாயங்காலம் மறுபடியும் ஏழை.

அந்த உரிமைத் தொகை முகாமை 2023 ஜூலையில் எங்கள் மாவட்டம் தொப்பூரில்தான் முதல்வர் தொடங்கிவைத்தார். அந்தச் சமயம் ஊருக்குப் போயிருந்தபோது, முகாமில் வரிசையில் நின்ற அந்தப் புளி தட்டுகிற அக்காவைப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். "பொட்டி தூக்கிட்டு வந்த தம்பிதானே நீ?" என்றார். பேசிக்கொண்டிருந்தபோதுதான் மீதிக் கதை தெரிந்தது. நாங்கள் வந்துபோன நாலாவது மாதம் தவணை நின்றுபோய் வண்டியை பைனான்ஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். 2016க்குப் பிறகு பிரதமர் வீட்டுத் திட்டத்துக்கு அந்தப் பழைய கணக்கெடுப்பையே எடுத்துக்கொண்டார்கள் இல்லையா, அதில் அக்கா பெயர் வரவில்லை. வரைவுப் பட்டியலை ஒட்டி, ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று அவகாசம் கொடுத்தார்கள்தான், விடிந்தால் வேலைக்குப் போகிறவர் எப்போது போய்ப் படிப்பார். கடைசியில் குழுக் கடன் வாங்கி அவரே தகரம் போட்டுக்கொண்டார். இரண்டு சக்கர வண்டி வைத்திருந்தால் வீடு இல்லை என்கிற விதியை 2024ல்தான் எடுத்தார்கள்.

மனசு கேட்காமல் விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்கு வண்டி இருக்கு என்று நான்தான் தட்டினேன், அதனால்தான் பெயர் விட்டுப்போயிருக்கும் என்று. அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அன்னைக்கு ஒரு நாள் மட்டும் வண்டியைப் பக்கத்து வீட்டுல நிறுத்தியிருந்தா எனக்கு வீடு வந்திருக்குமா தம்பி?" என்று கேட்டார்.

வந்திருக்கும் அக்கா, என்றேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு வீடு இல்லாமல் போயிருக்கும், அதைச் சொல்லவில்லை.